மன்ஹாட்டனில் வேலை, புறநகரில் வீடு: எந்த ஊர்?

பணி மாற்றலில் பிரிட்டனிலிருந்து நியூயார்க் பக்கம் குடிபெயரும் வாசகர்கள், எந்தப் புறநகரில் வீடு பிடிப்பது என்று கேட்டு அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: லண்டன் ஹாரோவில் வசிக்கிறோம். கணவருக்கு மன்ஹாட்டனுக்கு மூன்று வருட மாற்றல். நியூ ஜெர்சியில் நல்ல ஊர் எது என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

ஊர்ப் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, அலுவலகம் எந்தத் தெருவில் இருக்கிறது என்று கேளுங்கள். பாதி ஊர்கள் அதிலேயே கழிந்துவிடும்.

நியூ ஜெர்சியிலிருந்து நேரடியாக மன்ஹாட்டனுக்குள் வரும் ரயில்கள் பென் ஸ்டேஷனில் நிற்கும். அது தீவின் மேற்குப் பாதியில், 34-வது தெருவை ஒட்டி இருக்கிறது. அலுவலகம் அங்கிருந்து நடக்கும் தூரம் என்றால் மேப்பிள்வுட், சவுத் ஆரஞ்ச், மில்பர்ன், சம்மிட், சாத்தம், மேடிசன் வரிசையைப் பாருங்கள். முன்பு ஹோபோகனில் இறங்கி மாற வேண்டியிருந்த இந்த ஊர்களுக்கு 1996-ல் 'மிட்டவுன் டைரக்ட்' என்ற நேரடிச் சேவை வந்தது. இன்னொரு தடத்தில் மெட்ரோபார்க், எடிசன், பிரின்ஸ்டன் ஜங்ஷன் இருக்கின்றன. பிரின்ஸ்டன் ஜங்ஷனிலிருந்து ரயிலுக்குள் மட்டுமே ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விடும்.

அலுவலகம் பார்க் அவென்யூவில், கிராண்ட் சென்ட்ரல் பக்கம் என்றால் நியூ ஜெர்சியை விட்டுவிடலாம் என்பதே என் கட்சி. பென் ஸ்டேஷனில் இறங்கி ஊரைக் குறுக்கே கடக்க தினமும் இருபது நிமிடம், போகும்போதும் வரும்போதும். அதற்கு, நியூயார்க் நகருக்கு வடக்கே உள்ள வெஸ்ட்செஸ்டரில் ஸ்கார்ஸ்டேல், பிராங்ஸ்வில், லார்ச்மான்ட் போன்ற ஊர்களில் ஏறினால் மெட்ரோ-நார்த் ரயில் நேராக கிராண்ட் சென்ட்ரலில் கொண்டுவந்து விடும்.

வால் ஸ்ட்ரீட் என்றால் கணக்கே மாறுகிறது. வெஸ்ட்ஃபீல்ட், கிரான்ஃபோர்ட் ஊர்களைப் பலர் ஒதுக்குவது, உச்ச நேரத்தில் நூவர்க்கில் இறங்கி மாற வேண்டும் என்பதால். ஆனால் வால் ஸ்ட்ரீட்டுக்குப் போகிறவர் எப்படியும் நூவர்க்கில் இறங்கி 'பாத்' ரயிலில் வேர்ல்ட் டிரேட் சென்டருக்குத்தான் போகப்போகிறார். மற்றவர்களின் குறை அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

லண்டன்காரர்கள் சறுக்கும் இடம் ரயிலின் இடைவெளி. மெட்ரோபாலிடன் லைனில் ஒன்றை விட்டால் சில நிமிடத்தில் அடுத்தது. இங்கே காலை நெரிசல் நேரம் கடந்தால் அரை மணி, இரவில் சில தடங்களில் ஒரு மணி நேரம் காத்திருக்க நேரும். இதற்கு மேல் தாமதங்கள் வேறு. ஹட்சன் ஆற்றுக்கடியில் உள்ள இரண்டு சுரங்கக் குழாய்களும் 1910-ல் திறக்கப்பட்டவை. 2012-ல் சாண்டி புயலின்போது உப்புத் தண்ணீர் புகுந்து கெட்டவை. ஒரு குழாயில் கோளாறு என்றால் எல்லா ரயிலும் மற்றொன்றில் மாறி மாறிப் போக வேண்டும். எனவே கால அட்டவணை சொல்லும் நேரத்தோடு கால் மணி கூட்டிக் கணக்கிடுங்கள்.

நிலையத்தில் கார் நிறுத்தும் பாஸையும் விட்டுவிடாதீர்கள். பல ஊர்களில் அது உள்ளூர்வாசிகளுக்கு மட்டும். அதற்கும் வருடக்கணக்கில் காத்திருப்போர் பட்டியல் உண்டு. வீடு பார்க்கும்போதே நகராட்சி அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். பட்டியல் நீளம் என்றால் நிலையத்திலிருந்து ஒன்றரை கிலோமீட்டருக்குள் வீடு தேடுங்கள். நடைபாதை வீட்டு வாசலிலிருந்து நிலையம் வரை அறுபடாமல் இருக்கிறதா என்று நடந்தே பாருங்கள். புல்தரை நேராகத் தார்ச்சாலையில் முடியும் தெருக்கள் இங்கே ஏராளம். பனிக்காலத்தில் அங்கே நடப்பது ஆபத்து. ஊர் பார்க்கப் போவதும் ஞாயிறு மதியம் வேண்டாம். செவ்வாய் காலை ஏழு மணிக்கு நிலையத்தில் நில்லுங்கள்.

கேள்வி: விளம்பரத்தில் ஷார்ட் ஹில்ஸ் என்று இருந்த வீட்டுக்கு, ஒப்பந்தத்தில் மில்பர்ன் டவுன்ஷிப் என்று வருகிறது. ஏமாற்றுகிறார்களா?

இல்லை. ஷார்ட் ஹில்ஸ் மில்பர்ன் டவுன்ஷிப்பின் ஒரு பகுதி. அஞ்சல் முகவரியில் வரும் பெயர் ஒன்று, வரி வாங்கும் நகராட்சி இன்னொன்று என்பது இங்கே சகஜம். ஐசலின் என்பது உட்பிரிட்ஜ் நகராட்சிக்குள் வருகிறது. பிரின்ஸ்டன் ஜங்ஷன் இருப்பது வெஸ்ட் வின்ட்சரில், பிரின்ஸ்டனில் அல்ல.

இதில் பள்ளிதான் முக்கியம். இங்கிலாந்தில் பள்ளிக்கும் வீட்டுக்கும் உள்ள தூரத்தை அளந்து இடம் கிடைக்குமா என்று பதைபதைப்போம். இங்கே அரசுப் பள்ளியில் இடம் உறுதி. ஆனால் எந்தப் பள்ளி மாவட்டத்தின் (அரசுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்பின்) எல்லைக்குள் படுத்துத் தூங்குகிறீர்களோ அந்த மாவட்டத்தில் மட்டும். மேப்பிள்வுட்டும் சவுத் ஆரஞ்சும் தனி நகராட்சிகள், பள்ளி மாவட்டம் ஒன்று. வெஸ்ட் வின்ட்சரும் பிளெயின்ஸ்பரோவும் அப்படியே. ஒரே ஊருக்குள்ளும் எந்தத் தொடக்கப்பள்ளி என்பதைத் தெரு தீர்மானிக்கும். கையெழுத்துப் போடும் முன் கதவு எண்ணைச் சொல்லி, மாவட்ட அலுவலகத்தில் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுத் தரகர் வாய்வார்த்தையாகச் சொல்வது செல்லாது.

கேள்வி: மகள் இப்போது இயர் 4. மகன் இயர் 9. அங்கே எந்த வகுப்பு?

பொதுவான கணக்கு, இங்கிலாந்து வகுப்பில் ஒன்றைக் கழிப்பது. இயர் 4 என்றால் மூன்றாம் கிரேடு. இயர் 1 என்றால் கிண்டர்கார்டன். குழந்தையைக் கீழே இறக்கிவிட்டார்கள் என்று பதற வேண்டாம். பெயர்தான் வேறு, வயது ஒன்றே.

மகள் செப்டம்பரில் பிறந்தவளா? அப்படியானால் கவனியுங்கள். இங்கிலாந்தில் வயது எல்லை ஆகஸ்ட் 31. நியூ ஜெர்சியில் அக்டோபர் 1-க்குள் ஐந்து வயது நிறைந்தால் பள்ளி கிண்டர்கார்டனில் சேர்த்துக்கொண்டாக வேண்டும். எனவே லண்டனில் வகுப்பிலேயே மூத்தவளான செப்டம்பர் குழந்தை, வயதுப்படி இங்கே நான்காம் கிரேடில் எல்லோரிலும் இளையவளாக வந்து நிற்பாள். பழைய பள்ளியின் அறிக்கையைக் காட்டி மூன்றாம் கிரேடு கேட்கலாம், முடிவு பள்ளியுடையது. வாயைத் திறக்காவிட்டால் பிறந்த தேதியைப் பார்த்துப் போட்டுவிடுவார்கள்.

மகன் விஷயம் சிக்கலானது. ஜிசிஎஸ்இ என்ற பொதுத் தேர்வுக்கு இயர் 10, 11 என இரண்டு வருடப் படிப்பு. நடுவில் பிடுங்கினால் இரண்டுங்கெட்டான் நிலை. இயர் 9 முடித்ததும் வந்தால் ஒன்பதாம் கிரேடில், அதாவது ஹைஸ்கூலின் முதல் வருடத்தில் சேருவான். அது நல்ல தருணம். பிரிட்டிஷ் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பும் எண்ணம் இருந்தால் இன்னொன்று: உள்நாட்டுக் கட்டணம் கிடைக்க, படிப்பு தொடங்கும் முன் மூன்று வருடம் அங்கே வசித்திருக்க வேண்டும் என்பது பொது விதி. வெளிநாட்டில் இருந்தது தற்காலிகம் என்று நிரூபித்தால் தளர்த்துவார்கள். முடிவுத் தேதி உள்ள மாற்றல் கடிதம், லண்டன் வீட்டை விற்காமல் வைத்திருந்ததற்கான தாள்கள் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள்.

பள்ளி கேட்கும் தடுப்பூசிப் பட்டியலில் இரண்டு இடம் இடறும். சின்னம்மை ஊசி பிரிட்டனில் நெடுங்காலம் வழக்கமான அட்டவணையில் இருந்ததில்லை. ஹெபடைடிஸ் பி அங்கே 2017 ஆகஸ்ட் முதல் பிறந்த குழந்தைகளுக்குத்தான் வழக்கமானது. உங்கள் பிள்ளைகள் இருவருக்கும் இரண்டும் விடுபட்டிருக்கலாம். ஹெபடைடிஸ் பி மூன்று தவணை, முடிக்க மாதங்கள் ஆகும். முதல் தவணையை லண்டனிலேயே போட்டு, மருத்துவரின் பதிவை அச்சிட்டு எடுத்து வாருங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு தவணையாவது போட்டிருந்தால் தற்காலிகமாகச் சேர்த்துக்கொள்வார்கள்.

கேள்வி: வாடகைக்கா, சொந்தமாகவா? சொத்து வரி பயமுறுத்துகிறதே.

மூன்று வருட மாற்றலுக்கு வாடகைதான். வாங்கவும் விற்கவும் ஆகும் செலவே வீட்டு விலை ஏற்றத்தைத் தின்றுவிடும்.

நியூ ஜெர்சியில் ஒரு வீட்டின் சராசரிச் சொத்து வரி வருடத்துக்கு 10,000 டாலர் அளவில் இருக்கிறது. பேர்போன ஊர்களில் இருபதாயிரத்தைத் தாண்டும் வீடுகள் சாதாரணம். ஏறக்குறைய பாதி பள்ளிக்குப் போகிறது. பிரிட்டனின் கவுன்சில் டாக்ஸ் போல் குடியிருப்பவர் கட்டுவதில்லை. வீட்டுக்காரர் கட்டி, வாடகையில் ஏற்றிவிடுவார். பிள்ளைகள் இல்லாத தம்பதி பெயர்பெற்ற பள்ளி மாவட்டத்தில் வாடகை கொடுப்பது, சாப்பிடாத விருந்துக்கு மொய் எழுதுவது.

முன்பணம் ஒன்றரை மாத வாடகைக்கு மேல் கேட்கச் சட்டத்தில் இடமில்லை. பிரிட்டனின் கடன் வரலாறு இங்கே கணக்கில் வராது. சம்பளம் குறிப்பிட்ட நிறுவனக் கடிதமும் வங்கி அறிக்கையும் கையில் இருக்கட்டும்.

வீட்டைப் பார்க்கும்போது முதலில் பேஸ்மென்ட்டுக்கு இறங்குங்கள். 2021 செப்டம்பரில் ஐடா புயல் மழையில் மில்பர்ன் கடைத்தெருவும் கிரான்ஃபோர்டின் பல தெருக்களும் மூழ்கின. சுவரின் அடியில் வெள்ளைப் பொடி பூத்திருந்தாலும், வெந்நீர்க் கொதிகலன் கல் மேல் ஏறி நின்றாலும் அங்கே தண்ணீர் வந்து போயிருக்கலாம். வெள்ள அபாயத்தை வீட்டுக்காரர் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்ற விதி 2024-ல் வந்தது, கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: தமிழர்கள் இருக்கும் ஊரா என்று கேட்டால் தரகர் பேச்சை மாற்றுகிறார். ஏன்?

பதில் சொன்னால் அவர் உரிமமே போகலாம். இனம், மதம் சொல்லி வீடு காட்டுவதை 1968-ன் நியாயமான வீட்டுவசதிச் சட்டம் தடுக்கிறது. நீங்களே தேடிக்கொள்ளுங்கள்: தமிழ் வகுப்பு வார இறுதியில் எங்கே நடக்கிறது, மளிகை எங்கே என்று. எடிசன், ஐசலின் வழியாகப் போகும் ஓக் ட்ரீ ரோட்டில் இந்தியக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பிரிட்ஜ்வாட்டரில் வேங்கடேசுவரர் கோயில் உண்டு. கார் இல்லாமல் போவது கடினம்.