வீட்டு சர்வரில் பாட்டு: வாசகர் கேள்வி பதில்

பழைய லேப்டாப் ஒன்று சும்மா கிடக்கிறது, 4 ஜிபி ரேம். சேர்த்து வைத்த எம்பி3 பாட்டுகளை வீட்டில் எல்லோரும் அவரவர் போனில் கேட்க வேண்டும். புதிதாக என்ன வாங்குவது?
– வாசகர், திருமங்கலம்

லேப்டாப்பை ரவுட்டரோடு இணைக்க ஒரு லேன் கேபிள் போதும். நேவிட்ரோம் என்ற இலவச மென்பொருள் இந்த வேலைக்கென்றே எழுதப்பட்டது. 4 ஜிபி ரேம் அதற்குத் தாராளம். விண்டோஸிலும் ஓடும். ஆனால் விண்டோஸ் தன் இஷ்டத்துக்கு அப்டேட் போட்டு ரீஸ்டார்ட் ஆகும் என்பதால், டெபியன் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றி, டாக்கரில் (மென்பொருளைத் தனிப் பெட்டிக்குள் வைத்து ஓட்டும் கருவி) ஓட்டுவதே நல்லது. டாக்கரில் இரண்டு ஃபோல்டர்களைக் காட்ட வேண்டும். பாட்டு ஃபோல்டரை 'படிக்க மட்டும்' என்று இணையுங்கள். சர்வரில் என்ன கோளாறு வந்தாலும் பாட்டுகளில் கை வைக்காது. நேவிட்ரோம் தன் கணக்கு வழக்குகளை எழுதி வைக்கும் டேட்டா ஃபோல்டர் தனி. பிறகு பிரவுசரில் லேப்டாப்பின் ஐபி முகவரி, ஒரு முக்காற்புள்ளி, 4533 என்று தட்டுங்கள். முதலில் உருவாக்கும் கணக்குதான் நிர்வாகி கணக்கு. ஆளுக்கொரு கணக்கு போட்டால் விருப்பப் பட்டியல் கலக்காது.

ரவுட்டரில் லேப்டாப்புக்கு நிலையான ஐபி ஒதுக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் ரவுட்டர் அணைந்து எழும்போது முகவரி மாறி, 'நேற்று வரை பாடியது' என்ற புகார் வரும். மூடியை மூடினால் தூங்கும் அமைப்பையும் அணைக்க வேண்டும். போனில் சப்சானிக் முறையை (செயலியும் பாட்டு சர்வரும் பேசிக்கொள்ளும் பொது முறை) ஆதரிக்கும் எந்தச் செயலியும் ஒத்துப்போகும்: ஆண்ட்ராய்டில் அல்ட்ராசானிக் இலவசம், சிம்ஃபோனியம் காசுக்கு, ஐபோனில் ஆம்பர்ஃபை.

கரண்ட் கணக்கு: 15 வாட் இழுக்கும் லேப்டாப் 24 மணி நேரமும் ஓடினால் இரண்டு மாத பில்லில் 22 யூனிட் வரும். அதே வேலைக்கு 60 வாட் டெஸ்க்டாப் போட்டால் 86 யூனிட். வீட்டு இணைப்புக்குக் கிடைக்கும் 100 இலவச யூனிட்டில் பெரும்பங்கை அதுவே தின்றுவிடும். லேப்டாப்பின் பேட்டரியே யூபிஎஸ் என்பது கூடுதல் லாபம். ஆனால் பேட்டரி உப்பியிருந்தால் உடனே கழற்றிவிடுங்கள். தகரக் கூரைக்குக் கீழே பரணில் வைக்க வேண்டாம். மதுரை மே மாதத்துக்கு அது தாங்காது.

ஒரே படத்தின் ஐந்து பாட்டும் ஐந்து ஆல்பமாகத் தெரிகிறது. ஒரே ஃபோல்டரில்தான் வைத்திருக்கிறேன். ஏன்?
– வாசகர், சிம்மக்கல்

நேவிட்ரோம் ஃபோல்டர் பெயரைப் பார்த்துப் பிரிப்பதில்லை. ஒவ்வொரு கோப்புக்குள்ளும் எழுதியிருக்கும் டேக்தான் (பாட்டு, பாடகர், ஆல்பம் பற்றிய குறிப்பு) அதற்குக் கணக்கு. மேல்நாட்டு ஆல்பத்தில் பெரும்பாலும் பாடுபவர் ஒருவர். நம் படத்தில் பாட்டுக்குப் பாட்டு ஆள் மாறும். 'ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்' டேக் காலியாக இருந்தால் பாடகர் பெயரையே அந்த இடத்தில் வைத்துக்கொள்ளும். ஐந்து பாடகர் என்றால் ஐந்து ஆல்பம்.

விண்டோஸ் கணினியில் எம்பி3டேக் என்ற டேக் திருத்தும் மென்பொருளைப் போட்டு, அந்தப் படத்தின் பாட்டு அத்தனையையும் ஒன்றாகத் தேர்ந்தெடுங்கள். ஆல்பம் என்ற இடத்தில் படத்தின் பெயர், ஆல்பம் ஆர்ட்டிஸ்டில் இசையமைப்பாளர், ஆண்டு: இந்த மூன்றும் எல்லாப் பாட்டிலும் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு பாட்டில் மட்டும் ஆண்டு வேறாக இருந்தாலும் ஆல்பம் உடையலாம். இலவசத் தளங்களில் இறக்கிய கோப்பு என்றால் ஆல்பம் பெயருக்குப் பின்னால் அந்தத் தளத்தின் பெயரும் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை மொத்தமாகத் தேடி நீக்குங்கள். பாடகர்களை 'ஆர்ட்டிஸ்ட்' இடத்தில் எழுதும்போது நடுவில் கமா வேண்டாம்; அரைப்புள்ளியும் ஓர் இடைவெளியும் விடுங்கள். கமா போட்டால் டி.எம்.எஸ்.ஸும் சுசீலாவும் சேர்ந்து ஒரே ஆளாகிவிடுவார்கள்.

இனி பெயர்கள். டி.எம். சௌந்தரராஜன் மதுரைக்காரர், அவர் பெயரையே ஆங்கிலத்தில் சுருக்கமாக, முழுதாக, புள்ளி வைத்து, வைக்காமல் என்று பல விதமாக எழுதியிருப்பார்கள். சர்வருக்கு ஒவ்வொன்றும் ஒரு தனிப் பாடகர். ஏதாவது ஒரு வடிவத்தை முடிவு செய்து மற்றவற்றை மாற்றுங்கள். தமிழில் எழுதுவது அழகு. ஆனால் அதே கோப்புகளை பென்டிரைவில் போட்டுக் காரில் கேட்பீர்கள் என்றால், பல கார் ஸ்டீரியோக்களில் தமிழ் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். யூனிகோடு வருவதற்கு முந்தைய ஃபாண்டுகளில் எழுதிய டேக்குகள் சர்வரில் கிறுக்கலாக வரும். எழுத்துரு மாற்றியில் போட்டு மாற்றி ஒட்டுவதுதான் வழி. தானாக டேக் போடும் மென்பொருள்களை நம்பி உட்காராதீர்கள். பழைய தமிழ்ப் பாட்டுக்கு அவை அடிக்கடி வேறு எதையோ கொண்டுவந்து ஒட்டும். சர்வர் நிறுவ ஒரு சாயங்காலம் போதும். டேக் வேலை மாதக்கணக்கில் இழுக்கும், அதனால் அடிக்கடி கேட்கும் ஆல்பங்களில் தொடங்குங்கள்.

ராஸ்பெர்ரி பை 4 என்ற சின்னக் கணினியில் 2 டிபி ஹார்ட் டிஸ்க் மாட்டியிருக்கிறேன். கரண்ட் போய் வந்தால் சில நாள் எந்தப் பாட்டும் ஓடுவதில்லை.
– வாசகர், வாடிப்பட்டி

டிஸ்க் ஏறாமலே (கணினியோடு இணையாமலே) சர்வர் எழுந்துவிடுகிறது. பையின் நான்கு யூஎஸ்பி வாய்களும் சேர்ந்தே 1.2 ஆம்பியர்தான் தரும். சுழலும் டிஸ்க் கிளம்பும் அந்தச் சில நொடியில் ஒரு ஆம்பியர் வரை கேட்கும். சாதாரண போன் சார்ஜரில் பை ஓடினால் மின்னழுத்தம் இறங்கி டிஸ்க் தடுக்கி விழும். 5 வோல்ட் 3 ஆம்பியர் அடாப்டர் போடுங்கள். டிஸ்க்கைத் தனி அடாப்டர் உள்ள யூஎஸ்பி ஹப்பில் மாட்டுங்கள். வசதியிருந்தால் எஸ்எஸ்டிக்கு மாறுங்கள்.

டிஸ்க்கை அதன் யூயூஐடியை (டிஸ்க்குக்கே உரிய அடையாள எண்) கொண்டு ஏற்றுமாறு எழுதி, அது ஏறிய பிறகே நேவிட்ரோம் தொடங்கும்படி செய்யுங்கள். பாட்டுகள் காணவில்லை என்று பதறி, 'காணாமல்போன கோப்புகளை நீக்கு' என்பதை மட்டும் அழுத்த வேண்டாம். எந்தப் பாட்டை எத்தனை முறை கேட்டீர்கள் என்ற கணக்கும், நீங்கள் பாட்டுக்குப் போட்ட மதிப்பெண்களும் அதோடு போய்விடும். டேட்டா ஃபோல்டரை மெமரி கார்டில் வைத்திருந்தால் டிஸ்க்குக்கு மாற்றுங்கள்: எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் முதலில் கெடுவது கார்டுதான். ரவுட்டரும் பையும் ஒரு சின்ன யூபிஎஸ்ஸில் ஓடினால் பாதித் தொல்லை இல்லை.

வீட்டுக்குள் நன்றாகப் பாடுகிறது. ஆபீஸிலிருந்து வரவில்லை. ரவுட்டரில் போர்ட் திறந்தும் பயனில்லை.
– வாசகர், தல்லாகுளம்

ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் வேன் ஐபி (இணைய நிறுவனம் ரவுட்டருக்குத் தந்த முகவரி) என்று இருப்பதைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால், இணைய நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டிருக்கிறது. நீங்கள் உங்கள் வீட்டுக் கதவைத் திறந்தாலும் தெருக் கதவு அவர்களிடம் பூட்டியிருக்கிறது. வெளியிலிருந்தும் வீட்டுச் சாதனங்களைத் தனி வலையில் இணைக்கும் டெயில்ஸ்கேல் என்ற மென்பொருளை சர்வரிலும் போனிலும் நிறுவி ஒரே கணக்கில் நுழையுங்கள். எந்தப் போர்ட்டும் திறக்க வேண்டாம், சொந்த உபயோகத்துக்குக் காசும் இல்லை. அது தரும் முகவரியும் 100 என்றுதான் தொடங்கும், குழம்ப வேண்டாம்.

மொபைல் டேட்டாவுக்கு செயலியில் ஓபஸ் 96 (ஓபஸ் என்பது நன்றாகச் சுருக்கும் ஒலி வடிவம், 96 அதன் கேபிபிஎஸ் அளவு) என்று தரத்தைக் குறையுங்கள்: மணிக்கு 43 எம்பிதான். 320 எம்பி3 என்றால் 144 எம்பி. தரம் குறையாத ஃபிளாக் வடிவம் என்றால் ஏறத்தாழ 400 எம்பி. கொடைக்கானல் மலைப்பாதை மாதிரி சிக்னல் விட்டுவிட்டு வரும் வழியென்றால் முன்பே போனில் இறக்கிக்கொள்ளுங்கள்.

அப்பா கோயில் திருவிழாக்களில் பதிவு செய்த இசை நாடகக் கேசட்டுகள் நிறைய இருக்கின்றன. சர்வரில் ஏற்ற முடியுமா?
– வாசகர், உசிலம்பட்டி

முடியும், ஆனால் 90 நிமிடக் கேசட்டுக்கு 90 நிமிடமே ஆகும், சுருக்குவழி கிடையாது. ஒவ்வொரு கேசட்டையும் முதலில் ஒருமுறை கடைசி வரை ஓட்டித் திருப்புங்கள். ஒட்டிக்கிடக்கும் டேப் இளகும். டேப்புக்குப் பின்னாலிருக்கும் பஞ்சு வைத்த தகடு விழுந்திருந்தால் சத்தம் மங்கி மங்கி வரும். நாடாவை வேறு நல்ல கேசட் கூட்டுக்கு மாற்றுங்கள். டெக்கின் ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, காய்ந்த பிறகு போடுங்கள். ஒலி அடைத்தாற்போல் இருந்தால், ஹெட்டின் பக்கத்திலுள்ள சின்னத் திருகை மெல்லத் திருப்பி, ஒலி தெளிவாகும் இடத்தில் நிறுத்துங்கள்.

லேப்டாப்பின் மைக் துளை மோனோ, அதில் செருகாதீர்கள். லைன்-இன் உள்ள யூஎஸ்பி ஆடியோ பெட்டி வேண்டும். ஆடாசிட்டி என்ற இலவச ஒலிப்பதிவு மென்பொருளில் 44.1 கிலோஹெர்ட்ஸ், ஸ்டீரியோ என்று வையுங்கள். நடிகர் உச்சக் குரலில் பாடும் இடத்தில் அளவு மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி வையுங்கள். ராஜபார்ட் (நாடகத்தின் முதன்மை நடிகர்) எடுத்த எடுப்பில் கத்துவார், அந்த இடத்தில்தான் பதிவு கிழியும். ஃபிளாக்கில் சேமியுங்கள். இரைச்சல் நீக்கியைக் கொஞ்சமாகப் போடுங்கள். கூடினால் ஆர்மோனியம் தண்ணீருக்குள் வாசித்தது போலாகும். நீக்காத மூலத்தையும் வைத்திருங்கள். ஆல்பம் பெயரில் ஊரும் ஆண்டும், ஆர்ட்டிஸ்டில் நடிகர்கள். கேசட் அட்டையில் அப்பா எழுதியதைப் போட்டோ எடுத்து, ஆங்கிலத்தில் 'cover' என்ற பெயரில் அதே ஃபோல்டரில் வைத்தால் அதுவே ஆல்பத்தின் படமாக வரும்.

இவை வேறெங்கும் கிடைக்காதவை. ஒரே டிஸ்க்கில் விடாதீர்கள். இன்னொரு டிஸ்க்கில் நகல் எடுத்து வேறு வீட்டில் வையுங்கள். இரண்டு டிஸ்க்கை மிரர் செய்வது (ஒன்றில் நடப்பது மற்றதிலும் தானாக நடக்கும்படி வைப்பது) நகல் ஆகாது: தவறி அழித்தால் இரண்டிலும் அழியும்.

இதே சர்வரை என் பேக்கரியில் ஸ்பீக்கரில் ஓட்டலாமா?
– வாசகர், மேலூர்

தொழில்நுட்பத்தில் தடை இல்லை. ஆனால் கடையில் வாடிக்கையாளர் காதில் விழுந்தால் அது பொதுவில் ஒலிபரப்புவது. காசு கொடுத்து வாங்கிய பாட்டானாலும் உரிமம் தேவை. வீட்டில் கேட்பதும் கடையில் போடுவதும் சட்டத்தின் முன் ஒன்றல்ல.