காரில் உட்கார்ந்திருக்கும் மகன்

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் திருச்சி. கணவர் ஆங்கிலேயர், யார்க்‌ஷயரில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறோம். மாமியார் போன வருடம் இறந்ததிலிருந்து 79 வயது மாமனார் எங்களோடு இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் 12 மணிக்கு பப்புக்குப் போயே தீரவேண்டும், 2 மணிக்குத் திரும்பியதும் சாப்பாடு மேஜையில் இருக்கவேண்டும் என்று அடம்பிடிக்கிறார். அதுவரை பிள்ளைகள் பசியோடு காத்திருக்கிறார்கள். ஒரு பைண்ட் பியர்தான் குடிப்பார். ஆனால் சாப்பிடும்போதெல்லாம் மில், பழைய தெரு, இறந்துபோன நண்பர்கள் என்று அதே கதைகள். நாங்கள் மதுக்கடை வாசலையே மிதிக்காத குடும்பம். என் கணவர் அவரைக் கொண்டுபோய் விட்டுவிட்டு 2 மணி வரை வெளியே காரிலேயே போனைப் பார்த்துக்கொண்டு இருப்பார். இந்தப் பழக்கத்தை எப்படி நிறுத்துவது?

பதில்: மாமனாரைப் பற்றி ஒரு பக்கம் புகார் எழுதிவிட்டு, கணவரைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த ஒரு வரிதான் உறுத்துகிறது. மனைவியைப் பறிகொடுத்து ஒரு வருடம்கூடச் சரியாக ஆகாத மனிதர் உள்ளே தனியாக உட்கார்ந்திருக்கிறார், பெற்ற மகன் வாசலில் இரண்டு மணி நேரம் காருக்குள் போனைத் தடவிக்கொண்டிருக்கிறார். இதில் எந்தப் பழக்கத்தை நிறுத்தவேண்டும் என்று என்னைக் கேட்கிறீர்கள்?

முதலில் அந்த 12 மணி, 2 மணி விஷயம். அது அடம் இல்லை. அவர் வாலிபராக இருந்தபோது இங்கிலாந்தில் ஞாயிறு மதியம் பப் திறந்திருந்ததே 12 முதல் 2 வரைதான், அப்புறம் இரவு 7 மணிக்குத்தான் கதவு திறக்கும். முதல் உலகப்போர் சமயத்தில், குண்டு செய்யும் தொழிற்சாலை ஆட்கள் குடித்துவிட்டு வேலையைக் கெடுக்கக் கூடாது என்று 1915-ல் நேரத்தைச் சுருக்கினார்கள், போர் முடிந்தும் அதை முழுசாக எடுக்கவில்லை. மற்ற நாட்களின் மதிய மூடல் 1988-ல் போனது, ஞாயிறு மூடல் 1995 வரை இருந்தது. அதாவது உங்கள் மாமனாருக்குக் கிட்டத்தட்ட ஐம்பது வயது ஆகும்வரை நாட்டின் சட்டமே ஞாயிறு மதியம் அவரை வீட்டுக்கு அனுப்பிவைத்திருக்கிறது.

அங்கே பப் மூடும் மணி அடிக்கும்போது இங்கே உங்கள் மாமியார் அடுப்படியில் நின்றிருப்பார். யார்க்‌ஷயர் புட்டிங் செய்வதை நீங்கள் பார்த்திருப்பீர்கள்: புகை வருமளவு சூடான கொழுப்பில் மாவை ஊற்றி ஓவனில் வைத்தால் குபுகுபுவென்று எழும்பும், வெளியே எடுத்துக் காக்கவைத்தால் பொசுக்கென்று அமுங்கிவிடும். அந்த ஊர்க்காரர்கள் அதைக் குழம்பு ஊற்றி முதலில் சாப்பிட்டுவிட்டுத்தான் இறைச்சிக்கே போவார்கள். அதனால் இரண்டு மணி என்றால் இரண்டு மணிதான், அஞ்சு நிமிஷம் பிந்தினாலும் சமைத்தவளுக்குக் கோபம் வரும். அவர் இன்றைக்கும் மனைவிக்குப் பயந்துதான் நேரத்துக்கு வருகிறார் என்று நான் நினைக்கிறேன். அதை உங்களிடம் சொல்லிக்காட்ட அவருக்குத் தெரியவில்லை.

சரி, குடி. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு பைண்ட், அதாவது 568 மில்லி பியர். குடிக்கத்தான் போகிறார் என்றால் இதையே சூப்பர்மார்க்கெட்டில் பாதி விலைக்கு வாங்கி வீட்டில் குடிக்கலாமே? அவர் போவது ஆட்களுக்காக. அந்த ஊர்களில் ரவுண்டு என்று ஒரு முறை உண்டு. நாலு பேர் போனால் ஒருவர் கவுண்டருக்குப் போய் நாலு பேருக்கும் வாங்கிவருவார், அடுத்த தடவை அடுத்தவர். கணக்கு எழுத மாட்டார்கள், ஆனால் தன் முறையை நழுவவிட்டவனை ஊர் மறக்காது. நம் டீக்கடை பெஞ்சில் அவரவர் டீக்கு அவரவர் காசு கொடுத்துவிட்டும் பேசலாம், ரவுண்டுக்குக் குறைந்தது இன்னொரு ஆள் வேண்டும். அவருடைய நாலு பேரில் எத்தனை பேர் மிச்சம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், 'இறந்துபோன நண்பர்கள்' என்று. தன் கிளாஸை மட்டும் தானே வாங்கிக்கொண்டு வந்து உட்காருகிற மனிதர், வீட்டுக்கு வந்து பிள்ளைகளிடம் அந்தக் கதையைச் சொல்லாமல் யாரிடம் சொல்வார்?

அதனால் உங்கள் கணவரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். வயதான அப்பாவை வாசலில் இறக்கிவிடுவதோடு மகனின் கடமை முடிந்துவிடாது. உள்ளே போய்ப் பக்கத்தில் உட்காரவேண்டும். கார் ஓட்டவேண்டும் என்றால் லைம் சோடா வாங்கிக்கொள்ளட்டும், அங்கே யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். அப்பாவின் கிளாஸ் காலியாகும் முன் எழுந்து, இன்னொன்று வேண்டுமா என்று கேட்கட்டும், அவர் வேண்டாம் என்றாலும் கேட்டதே போதும். திரும்ப அப்பா வாங்கித்தந்தால் மறுக்காமல் வாங்கிக்கொள்ளட்டும்.

நீங்களும் போகலாம். 'வாசலை மிதிக்காத குடும்பம்' என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள், கோபித்துக்கொள்ளாதீர்கள், கல்யாணம் செய்துகொண்டு போன வீட்டில் அந்த வீட்டுப் பெரியவர் எங்கே சந்தோஷமாக இருக்கிறார் என்று ஒரு தடவையாவது எட்டிப்பார்ப்பதும் மருமகளின் வேலைதான். மதிய நேரத்தில் பெரியவர்களோடு வரும் பிள்ளைகளைப் பல பப்களில் அனுமதிக்கிறார்கள், உங்கள் ஊர்க் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். வடக்கு இங்கிலாந்தில் டோமினோவை, அதாவது புள்ளி போட்ட கட்டைகளை வரிசையாக அடுக்கும் ஆட்டத்தை, ஐந்து-மூன்று கணக்கில் ஆடுவார்கள். அந்த வரிசையின் இரண்டு முனைகளில் உள்ள புள்ளிகளின் கூட்டுத்தொகை ஐந்தாலோ மூன்றாலோ வகுபட்டால் புள்ளி, 15 வந்தால் ஐந்து மூன்றுகளும் மூன்று ஐந்துகளுமாகச் சேர்ந்து 8 புள்ளி. தாத்தாவிடம் பேரப்பிள்ளைகள் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வாய்ப்பாடு கிடையாது.

பிள்ளைகள் பசிக்கு வழியா இல்லை? பதினொன்றரைக்கு ஆளுக்கு இரண்டு தோசை ஊற்றிக் கொடுங்கள். மதிய சாப்பாடு 2 மணிக்கே இருக்கட்டும், புட்டிங்குக்கு மாவு எப்படிக் கரைப்பது என்று மாமனாரையே கேளுங்கள்.