அடிவயிறா, கவட்டையா? விரல் வைத்துக் காட்டுங்கள்

இம்முறை வந்த கடிதங்களில் பாதியில் வயது இல்லை. மீதியில் வலதா இடதா என்பது இல்லை. பதில் சொல்ல முடிந்தவை மட்டும் இங்கே.

கேள்வி: வயது 42. ஜவுளி மூட்டை தூக்கும் வேலை. இருமினால் வலது கவட்டையில் எலுமிச்சை அளவுக்குப் புடைக்கிறது, படுத்தால் போய்விடுகிறது. பெல்ட் போட்டால் சரியாகுமா? (ஈரோடு)

பதில்: ஆகாது. இது குடலிறக்கம். வயிற்றுச் சுவரில் விழுந்த ஓட்டையை எந்த பெல்ட்டும் அடைக்காது. குடல் வெளியே இறங்கியிருக்கும்போது மேலே இறுக்கிக் கட்டினால் நசுங்கும், அவ்வளவுதான். வலியில்லாத சின்ன இறக்கம் என்றால் ஆண்கள் சில காலம் பொறுத்துப் பார்க்கலாம். மூட்டை தூக்குகிறவருக்கு அது சரிப்படாது. வலை வைத்துத் தைக்கும் அறுவைதான் வழி. அதற்கு முன் நாள்பட்ட இருமல், மலச்சிக்கல், முக்கிச் சிறுநீர் கழிப்பது ஆகியவற்றைச் சரிசெய்யுங்கள். இல்லாவிட்டால் தைத்த இடமே மறுபடி விடும். புடைப்பு உள்ளே போகாமல் கல்லாகி, வலித்து, வாந்தியும் வந்தால் அது சில மணி நேர விவகாரம். அமுக்கி அமுக்கித் தள்ளிக்கொண்டிருக்காமல் வண்டி ஏறுங்கள். பெண்களுக்குக் கவட்டைக்குக் கொஞ்சம் கீழே, தொடைப் பக்கம் இறங்குவது இன்னும் சீக்கிரம் மாட்டிக்கொள்ளும். அவர்கள் பொறுத்தே பார்க்கக் கூடாது.

கேள்வி: காலில் ஆணி குத்திய புண். இரண்டு நாளாகத் தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கிறது. குடலிறக்கமா? (விருத்தாசலம்)

பதில்: இல்லை. நெறியை விடுங்கள், புண்ணைப் பாருங்கள். டெட்டனஸ் ஊசி போட்டீர்களா? புண் ஆறி 3, 4 வாரமாகியும் கட்டி அப்படியே இருந்தாலோ, புண்ணே இல்லாமல் நெறி கட்டினாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: மகனுக்கு 14 வயது. நேற்று விடியற்காலை திடீரென்று அடிவயிற்று வலி, இரண்டு முறை வாந்தி. சூடு பிடித்துக்கொண்டது என்று விளக்கெண்ணெய் தடவினோம். மாலையில் குறைந்துவிட்டது. இனி வராமலிருக்க என்ன சாப்பாடு கொடுக்கலாம்? (திருப்பூர்)

பதில்: இதைக் கடிதத்தில் எழுதி அனுப்பியிருக்கவே கூடாது. இதைப் படித்த கையோடு அறுவை நிபுணர் இருக்கும் மருத்துவமனைக்குப் பையனைக் கூட்டிப்போங்கள். சாப்பாட்டைப் பிறகு பேசலாம்.

12 முதல் 18 வயதுக்குள் இருக்கும் பையன் திடீரென்று அடிவயிறு வலிக்கிறது என்றால், விதை முறுக்கிக்கொண்டதோ என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். விதையைத் தாங்கும் கொடி முறுக்கினால் ரத்த ஓட்டம் நின்றுபோகும். விதை கருவிலேயே வயிற்றுக்குள் உருவாகிக் கீழே இறங்குவது. நரம்பையும் அங்கிருந்தே கொண்டுவருகிறது. அதனால்தான் வலி வயிற்றில் தெரிகிறது, வாந்தியும் சேர்கிறது. பையன் வெட்கப்பட்டு ‘வயிறு’ என்பதோடு நிறுத்திக்கொள்வான். வீட்டில் சூடு என்பார்கள். தொப்புளைச் சுற்றி எண்ணெய், கால் பெருவிரல் நகத்தில் சுண்ணாம்பு. காட்டப் போகிற இடத்திலும் சட்டையைத் தூக்கி வயிற்றை அமுக்கிவிட்டு, ‘கேஸ்’ என்று ஊசி போட்டு அனுப்புகிறவர்கள் உண்டு. கால்சட்டையை இறக்கிப் பார்க்க அரை நிமிடம் ஆகுமா? அந்த அரை நிமிடச் சோம்பலுக்கு ஒரு விதை போகிறது. அவர்கள் பார்க்கவில்லை என்றால் ‘விதையையும் பாருங்கள்’ என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள்.

முறுக்கிய பக்கம் விதை மேலேறி, குறுக்குவாட்டில் கிடக்கும், தொடவே விடமாட்டான். உள்தொடையை லேசாகக் கீறினால் அந்தப் பக்க விதை மேலே இழுத்துக்கொள்ள வேண்டும். முறுக்கியிருந்தால் பெரும்பாலும் அசையாது. 6 மணி நேரத்துக்குள் பிரித்துவிட்டால் பத்தில் ஒன்பது பிழைக்கும். ஒரு நாள் தாண்டினால் பெரும்பாலும் எடுத்துப்போடத்தான் வேண்டியிருக்கும். அந்த 6 மணி நேரம் வலி தொடங்கியதிலிருந்து ஓடுகிறது, ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கியதிலிருந்து அல்ல. ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் கையோடு கிடைத்தால் நல்லது. காலையில்தான் ஆள் வருவார் என்றால் காத்திருக்காமல் திறந்து பார்ப்பதே சரி. மறுபக்க விதைக்கும் அதே அமைப்பு இருக்கக்கூடும் என்பதால் அதையும் சேர்த்துத் தைத்து நிறுத்துவார்கள். போகும் வழியில் காபி, பன் எதுவும் வாங்கிக் கொடுக்காதீர்கள். மயக்க மருந்து கொடுக்க வயிறு காலியாக இருக்க வேண்டும்.

மாலையில் வலி குறைந்ததை வைத்து நிம்மதி அடையாதீர்கள். முறுக்கு தானே அவிழ்ந்திருக்கலாம். அப்படியானால் மறுபடி முறுக்கும். அல்லது விதை செத்து வலி அடங்கியிருக்கலாம்.

கேள்வி: அடிவயிறு வலிக்கிறது. நல்ல மாத்திரையாக ஒன்று சொல்லவும். (ஊர் இல்லை)

பதில்: வயது, ஆணா பெண்ணா, எந்தப் பக்கம், எத்தனை நாள், எதுவும் இல்லை. மாத்திரையும் இல்லை. மருந்துக் கடையில் வயிற்று வலிக்கென்று கேட்டால் நீட்டுவது பெரும்பாலும் டைசைக்ளோமினும் மெஃபனமிக் அமிலமும் சேர்ந்தது. மெஃபனமிக் அமிலத்தால் கடுமையான ஒவ்வாமை வரலாம் என்று இந்திய மருந்தியல் நூல் ஆணையமே 2023 இறுதியில் எச்சரித்திருக்கிறது.

கேள்வி: வயது 28. வலது அடிவயிறு வலிக்கிறது. மாதவிலக்கு 10 நாள் தள்ளிப்போயிருக்கிறது. குடல்வாலா? ஸ்கேன் அடுத்த வாரம். (நாகர்கோவில்)

பதில்: அடுத்த வாரம் வேண்டாம். இன்றே சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை. பாசிட்டிவ் என்றால் கருக்குழாயில் தங்கிய கர்ப்பமில்லை என்று ஸ்கேன் சொல்லும்வரை வீடு திரும்பாதீர்கள். தலைசுற்றலோ தோள்பட்டை நுனியில் வலியோ இருந்தால் பரிசோதனைக்குக்கூட நிற்க வேண்டாம்.

கேள்வி: குழந்தைக்கு வலி தொப்புளில் தொடங்கி வலது பக்கம் இறங்கியிருக்கிறது, சாப்பிட மறுக்கிறாள், லேசான காய்ச்சல். குடலேற்றம் எடுக்கலாமா? (தேனி)

பதில்: கூடவே கூடாது. நீங்கள் எழுதியிருப்பது குடல்வால் அழற்சியை அப்படியே வரைந்த படம். எண்ணெய் போட்டு நீவினால் உடையும் நிலையில் இருப்பதை உடைத்துவிடுவீர்கள். பேதி மருந்தும் வேண்டாம், வெந்நீர்ப் பையும் வேண்டாம். இன்றே காட்டுங்கள்.

கேள்வி: இடது சிறுநீர்க் குழாயில் 4 மி.மீ. கல். இடுப்பிலிருந்து கவட்டைக்கு வலி இறங்குகிறது. வாழைத்தண்டுச் சாறு போதுமா? (சேலம்)

பதில்: 4 மி.மீ. கல் பெரும்பாலும் தானாகவே விழும். சாறு பேர் வாங்கிக்கொள்ளும். சாதாரண நாட்களில் இரண்டரை லிட்டர் சிறுநீர் போகும் அளவுக்குத் தண்ணீர் குடியுங்கள். வலி பிடித்திருக்கும் நேரத்தில் குடம் குடமாகக் குடிப்பதால் பயனில்லை. வடிகட்டியில் சிறுநீர் பிடித்துக் கல்லைத் தேடுங்கள். வலி நின்றாலே கல் விழுந்துவிட்டது என்று அர்த்தமில்லை, 4 வாரத்தில் மறு ஸ்கேன் தேவை. குளிர் காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவமனை.

கேள்வி: வயது 50. நடந்தால் கவட்டையில் வலி. குடலிறக்கத்துக்கு இரண்டு முறை ஸ்கேன், இரண்டும் நார்மல். சம்மணம் போட முடியவில்லை. (மதுரை)

பதில்: கடைசி வரியை முதலில் எழுதியிருக்க வேண்டும். இடுப்பு மூட்டு வலி கவட்டையில்தான் தெரியும். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, பாதத்தை மட்டும் வெளிப்பக்கம் திருப்பும்படி பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள். கவட்டையில் சுரீரென்றால் சந்தேகம் மூட்டின் மேல். எக்ஸ்ரே எடுங்கள். ஸ்டீராய்டு சாப்பிட்டதுண்டு, குடிப்பழக்கம் உண்டு என்றால், எக்ஸ்ரே நன்றாக இருந்தாலும் எம்ஆர்ஐ வேண்டும். தொடை எலும்பின் தலை பட்டுப்போகத் தொடங்கியிருந்தால் ஆரம்பத்தில் அதில்தான் தெரியும்.

கேள்வி: அப்பாவுக்கு 72. சளிக்கு மாத்திரை போட்ட மறுநாள் அடிவயிறு உப்பி வலி. சிறுநீர் சொட்டுச் சொட்டாகப் போகிறதே, அடைப்பு இருக்குமா? (தஞ்சாவூர்)

பதில்: சொட்டுவதே அடைப்பின் அடையாளம், நிரம்பிய சிறுநீர்ப்பை வழிகிறது. டியூப் போட்டால் 800 மி.லி.க்கு மேல் வந்தாலும் ஆச்சரியமில்லை. புராஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) வீங்கியவருக்குப் பல சளி மாத்திரைகள் ஆகாது. மருந்துக் கடையில் இனி அதைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.