சிவந்த பேடெல்லாம் ரோட் ஐலண்ட் ரெட் ஆகுமா?

கேள்வி: பண்டாரவளைச் சந்தையில் அசல் ரோட் ஐலண்ட் ரெட் இனக் கோழி என்று சொல்லி, நான்கு மாதப் பேடுகள் ஐந்தைத் தந்தார்கள். ஒன்றுக்குக் கால் வெள்ளை. இன்னொன்றின் கொண்டை தட்டை. மூன்றாவதற்கு வாலில் வெள்ளை இறகு. நான்காவதன் கழுத்தில் கறுப்புப் பொட்டுகள். ஐந்தாவது நல்ல சிவப்பு. லயத்துக்குப் பின்னால் கூடு அடித்திருக்கிறேன். குஞ்சு பொரிக்க வைத்து விற்க எண்ணம். இவை அசல்தானா?

பதில்: முதல் மூன்றும் கலப்பு. நான்காவதை வீணாகச் சந்தேகப்படுகிறீர்கள். இந்த இனத்துப் பேட்டுக்குக் கழுத்தின் அடிப்பக்க இறகு நுனியில் கொஞ்சம் கறுப்பு இருக்கும். வாலும் கறுப்புத்தான்.

இனி கால். ரோட் ஐலண்டுக்குக் கால் மஞ்சள். அந்த மஞ்சள் வெளியே தெரிய வேண்டுமானால் தாய், தகப்பன் இரண்டு பக்கமிருந்தும் வந்திருக்க வேண்டும். வெள்ளைக்கு ஒரு பக்கம் போதும். முட்டையிட்டுத் தள்ளும் கோழிக்கும் கால் வெளுக்கும், மஞ்சள் எல்லாம் கருவுக்குப் போய்விடும். ஆனால் நான்கு மாதப் பேட்டுக்கு அந்தச் சாக்குச் செல்லாது. தீனிக் குறையும் இல்லை, அதே தீனி தின்ற மற்றவற்றுக்குக் கால் மஞ்சளாகத்தானே இருக்கிறது?

தட்டைக் கொண்டையில் மூன்று வரிசை தாழ்வாக ஓடினால், பரம்பரையில் எங்கோ சண்டைச் சேவல் போன்ற வேறு இனம் புகுந்திருக்கிறது. ரோட் ஐலண்டில் அகலக் கொண்டையும் உண்டு, ஆனால் அது பின்பக்கம் கூராக முடியும்.

வெள்ளை வால்காரியைக் கையில் எடுத்து, முதுகு இறகை எதிர்ப்பக்கமாக ஒதுக்கிப் பாருங்கள். தோலை ஒட்டிய பஞ்சு இறகு அசலில் அடிவரை சிவப்பாக இருக்கும். வெள்ளையாகத் தெரிந்தால் அது பண்ணைக்காரர்களின் பழுப்பு லேயர், அதாவது பழுப்பு முட்டைக்காக வளர்க்கும் கலப்பினக் கோழி. சிவப்புச் சேவலையும் வெள்ளைப் பேட்டையும் சேர்த்து எடுப்பது. பேட்டுக் குஞ்சு சிவப்பாகவும் சேவல் குஞ்சு வெள்ளையாகவும் பொரிக்கும். சந்தையில் அசல் என்று தலையில் கட்டுவது பெரும்பாலும் இதைத்தான். ஐந்திலும் அதிகம் முட்டையிடப் போவதும் இதுவே, ஆகவே குழம்புக்கு அனுப்பிவிடாதீர்கள்! ஆனால் அடைக்கு உட்காரும் என்று நம்ப வேண்டாம்; இதன் குஞ்சும் தாயைப் போல வராது.

ஐந்தாவது? தோற்றத்தை வைத்துக் கலப்பு என்று அடித்துச் சொல்லலாம், அசல் என்று அப்படிச் சொல்ல முடியாது. செவி மடல் முழுச் சிவப்பா, உடல் செங்கல் போல நீண்டு சதுரித்திருக்கிறதா, முட்டை பழுப்பா என்று பாருங்கள். எல்லாம் சரி என்றாலும் குஞ்சுகள்தான் சாட்சி. இனத்துக்கு ஒவ்வாத இறகு நிறம் அவற்றில் எட்டிப் பார்த்தால், தாயிலோ சேவலிலோ கலப்பு இருக்கிறது.

வீட்டு முட்டைக்கு மட்டும் என்றால் இந்த ஆராய்ச்சியே வேண்டாம், கலப்பு தாராளமாகப் போதும். விற்பதற்கென்றால், நான்காவதையும் ஐந்தாவதையும் தனிக் கூட்டில் போட்டு, வேறு இடத்து அசல் சேவல் ஒன்றைத் தேடுங்கள். பிரதேச அரச கால்நடை வைத்தியர் அலுவலகத்தில் விசாரித்தால் வழி சொல்வார்கள். லயத்தில் பக்கத்து வீட்டுச் சேவல் சும்மா இருக்காது. ஒருமுறை சேர்ந்தாலே பேட்டின் வயிற்றில் விந்து இரண்டு, மூன்று வாரம் உயிரோடு இருக்கும். அதனால் அசல் சேவலை விட்ட பிறகும் மூன்று வாரம் முட்டையைச் சமையலுக்கு எடுங்கள்; அடைக்கு வைப்பது அதன் பிறகுதான்.