மாடிச் சபையும் பொறையார்க் கோயிலும்

அன்புள்ள அண்ணனுக்கு,

தோத்திரம். உங்கள் கட்டுரைகளைச் சில வருடங்களாக வாசிக்கிறேன். சொந்த விஷயம் ஒன்றைக் கேட்பதற்காக இப்போதுதான் முதல்முறை எழுதுகிறேன். என் பெயர் போட வேண்டாம்.

சொந்த ஊர் பொறையார். லுத்தரன் குடும்பம், தாத்தா உபதேசியாராக இருந்தவர். திருமணத்துக்குப் பிறகு ஒரகடம் பக்கம் வந்துவிட்டோம். கணவருக்குக் கம்பெனியில் ஷிப்ட் வேலை. சென்னைக்குள் இருக்கும் லுத்தரன் கோயிலுக்குப் போய் வர நூறு கிலோமீட்டர். முதல் வருடம் மாதம் ஒருமுறை போனோம். அப்புறம் கிறிஸ்துமஸ், ஈஸ்டர் மட்டும் என்று ஆகிவிட்டது.

எங்கள் தெருமுனையில் ஹார்டுவேர் கடை மாடியில் ஒரு பெந்தெகொஸ்தே சபை இருக்கிறது. ஐம்பது அறுபது பேர் வருவார்கள். போன வருடம் கணவர் டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அந்தப் பாஸ்டரும் அவர் மனைவியும் தினமும் வந்தார்கள். பையனை அவர்கள் வீட்டில்தான் விட்டிருந்தேன். அன்றுமுதல் அங்கேதான் போகிறோம். பையனுக்கு எட்டு வயது, சண்டே ஸ்கூலை ஒருநாளும் விடமாட்டான். எனக்குத்தான் டிரம்ஸ் சத்தமும், ஆவியில் நிறைந்து ஜெபிக்கும்போது பேசும் அந்நிய பாஷையும் இன்னும் பழகவில்லை. பாவ அறிக்கை சொல்லாமல், விசுவாசப் பிரமாணம் சொல்லாமல் ஆராதனை முடிந்துவிட்டால் பாதிச் சாப்பாட்டில் எழுந்த மாதிரி இருக்கிறது. ஆனால் அந்த மனிதர்களைப் பிடித்திருக்கிறது.

இப்போது அங்கத்தினராகச் சேரச் சொல்கிறார் பாஸ்டர். அதற்கு நானும் கணவரும் முழுக்கு ஞானஸ்நானம் எடுக்க வேண்டும். கட்டாயப்படுத்தவில்லை, அன்பாகத்தான் சொன்னார். அம்மாவிடம் போனில் சொன்னேன். "அப்போ உன்னைத் தூக்கிட்டுப் போய் தலையில தண்ணி ஊத்தினது என்ன, குளிப்பாட்டினதா?" என்று கேட்டுவிட்டு போனை வைத்துவிட்டார்கள். எட்டு கிலோமீட்டரில் ஒரு சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) கோயில் இருக்கிறது. அங்கே யாரையும் தெரியாது. என்ன செய்யலாம் அண்ணா?

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

*

அன்புள்ள தங்கைக்கு,

ஐநூறு வருடமாக இறையியல் கல்லூரிகளில் மூச்சு வாங்கப் பேசிக்கொண்டிருப்பதை உங்கள் அம்மா ஒரே வரியில் கேட்டுவிட்டார். அதற்குக் கடைசியில் வருகிறேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் முழு விஷயமும் அங்கேதான் இருக்கிறது, ரொம்ப நேரம் தள்ளிப்போட முடியாது.

முதலில் டிரம்ஸ். லுத்தரன்கள் தங்கள் விசுவாசத்தை எழுதிப் பேரரசர் முன் வைத்த ஆக்ஸ்பர்க் அறிக்கை 1530இல் வந்தது. அதன் ஏழாவது பிரிவு திருச்சபை எங்கே இருக்கிறது என்பதற்கு ஒரு வரையறை தருகிறது. சுவிசேஷம் சுத்தமாகப் போதிக்கப்பட வேண்டும், ஞானஸ்நானம், திருவிருந்து என்ற சாக்கிரமந்துகள் சரியாக நடத்தப்பட வேண்டும், ஒற்றுமைக்கு அவ்வளவு போதும். சடங்குகள் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்க வேண்டியதில்லை என்றும் அங்கேயே எழுதியிருக்கிறது. அங்கி, மணி, ஆர்கன், மெழுகுவர்த்தி எதுவும் அந்தப் பட்டியலில் கிடையாது. ஆகவே கைதட்டலும் டிரம்ஸும் உங்கள் காதுக்குத்தான் பிரச்சினை, உங்கள் விசுவாச அறிக்கைக்குப் பிரச்சினை இல்லை. எனக்கும் காது வலிக்கும், அது வேறு.

அந்நிய பாஷையை ஏதோ அமெரிக்கச் சரக்கு என்று நம் கோயில்காரர்கள் சொல்வதுண்டு. பெந்தெகொஸ்தே இயக்கத்தை உலகமெங்கும் பரப்பிய அசுசா தெரு எழுப்புதல் லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்தது 1906இல். வத்திராயிருப்புப் பக்கம் கிறிஸ்தியான்பேட்டையில் ஊழியம் செய்த அருளப்பனின் சபைகளில் அந்நிய பாஷையும் தரிசனமும் கண்ணீருமாக எழுப்புதல் நடந்தது 1860இல். நம் ஊர் சமாச்சாரம்தான், கொஞ்சம் சுற்றிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது.

அடுத்தது, வேறு பாரம்பரியத்துக்குப் போவது துரோகமா என்று ஒரு பயம் உங்கள் கடிதத்தில் வரிகளுக்கு நடுவே தெரிகிறது. நான் பாளையங்கோட்டைக்காரன், சிஎஸ்ஐ. எங்கள் சபையின் பழைய பதிவேடு 1780இல் நாற்பது பேரோடு தொடங்குகிறது. அங்கே கிளாரிந்தா அம்மாள் கட்டிய கோயில் 1785இல் திறக்கப்பட்டது. எங்களுக்கு அனுப்பப்பட்ட முதல் தமிழ்ப் போதகர் சத்தியநாதன், 1790இல் லுத்தரன் முறைப்படி குருப்பட்டம் பெற்றவர். பட்டம் கொடுத்தது சுவார்ட்ஸ் ஐயர். அவர் உங்கள் ஊர்ப் பக்கத்துத் தரங்கம்பாடி மிஷனுக்கு வந்த லுத்தரன், ஆனால் பிற்காலத்தில் அவருக்குச் செலவுக்குப் பணம் அனுப்பியது இங்கிலாந்தின் ஆங்கிலிக்கன் சங்கம். பின்னால் அந்தச் சபைகள் அப்படியே ஆங்கிலிக்கன் ஆகிவிட்டன. ஒருவரையும் யாரும் மறுபடி தண்ணீரில் இறக்கவில்லை. அதே பாளையங்கோட்டையில் ரேனியஸ் ஐயர் ஆங்கிலிக்கன் மிஷனில் பதினைந்து வருடம் உழைத்த லுத்தரன். குருப்பட்ட முறையில் தகராறு வந்து 1835இல் வெளியேற்றப்பட்டார், சபைகள் இரண்டாகப் பிளந்தன. சேர்ந்து வாழ்ந்ததும் முட்டிக்கொண்டதும் இரண்டுமே நம் குடும்பக் கதைதான்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. தென்னிந்தியாவில் சபைகள் ஒன்றாக வேண்டும் என்று ஆங்கிலிக்கன் பிஷப் வேதநாயகம் அசரியாவும் மற்றவர்களும் கூடி அறிக்கை எழுதியது 1919இல், உங்கள் ஊருக்குப் பக்கத்தில் தரங்கம்பாடியில். அந்தப் பேச்சு 28 வருடம் நடந்து 1947 செப்டம்பர் 27 அன்று சிஎஸ்ஐ பிறந்தது. இடம் கொடுத்த ஊரின் லுத்தரன்கள் அதில் சேரவில்லை. அதற்கப்புறமும் இரண்டு தரப்பும் வருடக்கணக்காக உட்கார்ந்து பேசினார்கள், பெரிய தடை எதுவும் இல்லை என்கிற அளவுக்கு வந்தார்கள், இன்றுவரை தனித்தனிதான். சொத்து, பதவி, பழக்கம் எல்லாம் சேர்ந்ததுதான் 'பாரம்பரியம்'. எல்லாவற்றையும் வேதத்தின் பெயரில் வரவு வைக்க வேண்டாம்.

சரி, இப்போது அம்மாவின் கேள்வி.

எவ்வளவு தண்ணீர் என்பதில் லுத்தருக்கு வழக்கு இல்லை. 1519இல் ஞானஸ்நானத்தைப் பற்றி எழுதும்போது முழுவதும் முக்கி எடுப்பதுதான் அடையாளத்துக்குப் பொருத்தம் என்றே சொல்கிறார். பொறையார்க் கோயிலில் ஒரு தொட்டி கட்டிக் குழந்தையை முக்கி எடுத்தால் அவர் சந்தோஷப்பட்டிருப்பார். வழக்கு வேறு இடத்தில் இருக்கிறது. ஞானஸ்நானம் யாருடைய செயல்? உங்கள் சபையில் நீங்கள் படித்த உபதேசத்தின்படி அது கடவுள் உங்களுக்குச் செய்தது. உங்கள் விசுவாசம் அதை உண்டாக்குவதில்லை, ஏற்றுக்கொள்கிறது. குழந்தைக்கு விசுவாசமே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் ஞானஸ்நானம் செல்லும், மறுபடி கொடுக்கக் கூடாது என்று லுத்தர் தன் பெரிய ஞானோபதேசத்தில் பிடிவாதமாக எழுதுகிறார். மாடிச் சபையின் நம்பிக்கைப்படி அது நீங்கள் கடவுளுக்கு முன் செய்கிற அறிக்கை. விசுவாசம் முன்னால், தண்ணீர் பின்னால். ஆகவே நாற்பதாம் நாளோ மூன்றாம் மாதமோ உங்கள் தலையில் ஊற்றியது அவர்கள் கணக்கில் ஞானஸ்நானமே இல்லை. அவர்கள் உங்களுக்கு 'இரண்டாவது' கொடுப்பதாக நினைக்கவில்லை, முதலாவதைக் கொடுப்பதாகத்தான் நினைக்கிறார்கள்.

பாஸ்டர் அன்பாகச் சொன்னார் என்கிறீர்களே, அதை நான் நம்புகிறேன். அந்த நம்பிக்கையை இளப்பமாகப் பேச நமக்கு யோக்கியதையும் கிடையாது. பெரியவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்த குற்றத்துக்காக ஃபீலிக்ஸ் மான்ஸ் என்பவரை 1527 ஜனவரியில் சூரிச் நகரத்தார் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றார்கள். கொன்றவர்கள் சீர்திருத்தக்காரர்கள். அந்தக் காலத்து லுத்தரன் தலைவர்களும் இந்தத் தண்டனைகளை ஆதரித்து எழுதினார்கள். அதற்காக 2010இல் ஸ்டட்கார்ட்டில் கூடிய உலக லுத்தரன் கூட்டமைப்பு, அந்த மரபில் வந்த மெனோனைட்டுகளிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது.

அதனால் பாஸ்டரைக் குற்றம் சொல்லாமல் உங்களைப் பார்த்துக் கேட்கிறேன். அந்தத் தொட்டியில் இறங்கும்போது, இதற்கு முன் எனக்கு நடந்தது ஞானஸ்நானமல்ல என்று நீங்கள் சொல்லப்போகிறீர்கள். வாயால் சொல்லாவிட்டாலும் அதுதான் அர்த்தம். அதை நம்புகிறீர்களா? வேதத்தை வாசித்து, யோசித்து, பாஸ்டர் சொல்வதுதான் சரி என்று மனதாரப் பட்டால் எடுங்கள். அம்மாவிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள், போனில் வேண்டாம். ஆனால் உங்கள் கடிதத்தில் அப்படி ஒரு வரிகூட இல்லை. டெங்கு இருக்கிறது, பையன் இருக்கிறான், மாடிப்படி பக்கம் என்பது இருக்கிறது. அவர் நம்புகிறதைச் செய்கிறார், அதில் பொய் இல்லை. நீங்கள் நம்பாமல் முங்கினால் பொய் உங்கள் பக்கம் வந்துவிடும். ஆஸ்பத்திரிக்கு வந்தவருக்கு நன்றிக்கடனாகக் கொடுக்க வேண்டிய பொருள் ஞானஸ்நானம் இல்லை.

இதை மேட்டில் நின்று சொல்லவில்லை. எண்பதுகளின் கடைசியில் வேலைக்காக மத்தியப் பிரதேசத்தில் ஒரு சிமெண்ட் ஆலை ஊரில் இருந்தேன். தமிழும் மலையாளமும் பேசும் ஏழெட்டுக் குடும்பங்கள் கூடும் சகோதரர் சபை ஒன்றுதான் அங்கே. போதகர் கிடையாது. நடுவில் ஒரு மேஜை, வெள்ளைத் துணி போட்டு மூடிய ஒரே அப்பம். பிட்டு, தட்டில் வைத்து, கை மாற்றிக் கை மாற்றிக் கொடுப்பார்கள். ஐக்கியத்தில் இல்லாதவன் என்பதால் எனக்குக் கடைசி பெஞ்சு. முன் பெஞ்சில் கடைசியாக இருந்த பெரியவர் தான் எடுத்துக்கொண்டு, என்னைத் திரும்பிப் பார்க்காமல் தட்டை மேஜைக்குக் கொண்டுபோவார். கூட்டம் முடிந்ததும் அதே பெரியவர் செருப்பை மாட்டிக்கொண்டே, "வா, கோழி வாங்கி வச்சிருக்கு" என்பார். இரண்டரை வருடம் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு அவர் வீட்டில்தான். ஒருநாளும் அப்பம் கொடுத்ததில்லை, ஒருநாளும் சோறு போடாமல் விட்டதில்லை. அந்தத் தட்டை ஒருதரம் கையில் வாங்கினால் போதும், அதற்காகவே முங்கிவிடலாமா என்று ஒரு ஞாயிறு தோன்றியது. தனிமை அப்படிப் பேசும். அவரிடம் சொன்னேன். "அதுக்காக வேண்டாம்" என்றார்.

ஆகவே என் அபிப்பிராயம்: மாடிச் சபைக்குப் போங்கள், தொடர்ந்து போங்கள். இடையில் நிறுத்தினால் பையன் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. காணிக்கையையும் அங்கேயே போடுங்கள், சாப்பிட்ட வீட்டில்தான் கொடுக்க வேண்டும். அங்கத்தினராக மட்டும் சேர வேண்டாம். பாஸ்டரிடம் நேராகப் போய், "நான் குழந்தையில் பெற்ற ஞானஸ்நானத்தை ஞானஸ்நானம் என்றே நம்புகிறேன், அதை வைத்துக்கொண்டே இங்கே வரலாமா?" என்று கேளுங்கள். அவர் முகம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். வரலாம் என்றால் நல்லது. சண்டே ஸ்கூலில் பாடம் எடுக்க விடமாட்டார்கள், ஓட்டு இருக்காது, அப்பம் பிட்கும்போது ஒதுங்க வேண்டியும் வரலாம். அது அவர்கள் வீட்டு ஒழுங்கு, கோபப்படாதீர்கள். மாறாக, அடுத்த வாரத்திலிருந்து ஒவ்வொரு பிரசங்கமும் உங்களைப் பார்த்தே வந்தால், அப்போது வேறு இடம் பார்க்க வேண்டியதுதான்.

திருவிருந்துக்கு அந்த எட்டு கிலோமீட்டர் போங்கள். மாதம் ஒரு ஞாயிறு, பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோ. யாரையும் தெரியாது என்கிறீர்கள், மாடியிலும் முதல்நாள் யாரையும் தெரியாதே. நான் பார்த்தவரை, லுத்தரன் என்று சொன்ன ஒருவரை எந்த சிஎஸ்ஐ ஆயரும் பந்தியிலிருந்து திருப்பி அனுப்பியதில்லை. பாவ அறிக்கையும் விசுவாசப் பிரமாணமும் அங்கே கிடைக்கும், வார்த்தை அங்கங்கே மாறும், அவ்வளவுதான்.

பொறையாரில் உங்கள் பெயரில் சந்தா கட்டிக்கொண்டே வாருங்கள், விட்டுவிட வேண்டாம். கோயிலில் கல்யாண ஓலை (திருமண அறிவிப்பு) வாசிக்கவும் கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்கவும் அந்த ரசீதுதான் பேசும். நகரத்து ஓரங்களில் தனிச் சபைக்காரர்கள் அடக்கத்துக்கு இடம் தேடி அலைவதைப் பார்த்திருக்கிறேன். கல்யாணமும் அப்படித்தான், 1872ஆம் வருடத்து கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி தனிச் சபைப் பாஸ்டர் திருமணம் நடத்த லைசென்ஸ் வைத்திருக்க வேண்டும். பையனுக்கு இன்னும் நாள் இருக்கிறது, ஆனாலும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பையனைப் பற்றி ஒன்று. மாடியில் நண்பர்கள் ஒவ்வொருவராகத் தொட்டியில் இறங்கும்போது அவனும் கேட்பான், பன்னிரண்டு பதின்மூன்று வயதில். அப்போது பதில் தேடாதீர்கள். மே மாத லீவுக்குப் பாட்டி வீட்டுக்கு அனுப்புங்கள். கோயில் பதிவேட்டை எடுத்து உங்கள் பெயர் எழுதியிருக்கும் வரியை ஐயரிடம் சொல்லி அவனுக்குக் காட்டச் சொல்லுங்கள். அவனுக்கு ஞானஸ்நானம் பொறையாரிலா கொடுத்தீர்கள்? எழுதவில்லையே. அங்கேயென்றால் சில பக்கம் தள்ளி அவன் பெயரும் இருக்கும்.

அம்மாவுக்கு இன்று சாயங்காலமே போன் போடுங்கள்.