எடைக் குறைப்பு ஆபரேஷன்: எனக்கு வேண்டுமா டாக்டர்?

என் ஓ.பி. அறையில் எடை மெஷின் கதவோரம் இருக்கிறது. ஏறுவதற்கு முன் செருப்பைக் கழற்றுவார்கள், கைப்பையைக் கூட வந்தவரிடம் கொடுப்பார்கள், சிலர் வாட்ச்சையும் கழற்றி மேஜையில் வைப்பார்கள். எண்ணைப் பார்த்ததும், "சாப்பிட்டுட்டு வந்தேன் டாக்டர், அதான்" என்பார்கள். இந்த மாதக் கேள்விகள் பலவற்றிலும் அந்தக் கூச்சம் தெரிகிறது. கூச்சப்பட ஒன்றுமில்லை. இரைப்பையைச் சிறிதாக்கி எடையைக் குறைக்கும் ஆபரேஷன் செய்வதுதான் என் தொழில். ஆனாலும் வருகிறவர்களில் நிறையப் பேரிடம் "இப்போதைக்கு வேண்டாம்" என்று சொல்லித்தான் அனுப்புகிறேன்.

எனக்கு வயது 41, உயரம் 156 செ.மீ., எடை 94 கிலோ. ஆறு வருடமாகச் சர்க்கரை, போன வருடத்திலிருந்து இன்சுலின். குறட்டையும் உண்டு. எங்கள் டாக்டர் ஆபரேஷன் பற்றி யோசிக்கச் சொல்கிறார். "ஒழுங்கா வாக்கிங் போனாலே போதும்" என்கிறார் என் கணவர். யார் சொல்வதைக் கேட்பது? (வாசகி, திண்டுக்கல்)

முதலில் கணக்கைப் பார்ப்போம். எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் பி.எம்.ஐ. உங்களுக்கு 38.6 வருகிறது. ஆபரேஷன் செய்யலாம் என்று 1991-ல் அமெரிக்காவில் போட்ட கோடு 40. சர்க்கரை மாதிரி துணை நோய் இருந்தால் 35. 2022-ல் இந்த ஆபரேஷன் செய்யும் சர்ஜன்களின் சங்கங்கள் அந்தக் கோட்டை இறக்கின. 35-ஐத் தாண்டினால் துணை நோய் இல்லாவிட்டாலும் பரிந்துரைக்கலாம், சர்க்கரை இருந்தால் 30-லேயே பேசலாம், ஆசியர்களுக்கு 27.5-லிருந்தே யோசிக்கலாம் என்றார்கள். நமக்குக் கை கால் ஒல்லியாக இருக்கும், கொழுப்பெல்லாம் வயிற்றுக்குள் ஈரலைச் சுற்றி உட்கார்ந்திருக்கும். அதனால்தான் குறைந்த எடையிலேயே நமக்குச் சர்க்கரை வந்துவிடுகிறது. ஆக, எந்தக் கணக்கில் பார்த்தாலும் நீங்கள் தகுதிக்குள் வருகிறீர்கள்.

உங்கள் கணவர் சொல்வதைத் தள்ளிவிட வேண்டாம். நடை இதயத்துக்கு நல்லது, ஆபரேஷனுக்குப் பிறகும் வேண்டும். ஆனால் இந்த எடையில் நடந்து மட்டும் ஏழெட்டு கிலோ இறக்கினால், அதைப் பிடித்து வைப்பதுதான் பெரும்பாடு. எடை இறங்கியதும் பசி கூடும், உடம்பு எரிக்கிற சக்தி குறையும். பழைய எடைக்கே திரும்பப் பார்ப்பது உடம்பின் வேலை. அதைச் சோம்பேறித்தனம் என்று யார் சொன்னாலும் என்னிடம் அனுப்புங்கள்.

சர்க்கரை விஷயத்தில் ஆசையை அளவோடு வையுங்கள். ஸ்வீடனில் 1987-ல் தொடங்கிய பெரிய ஆய்வு ஒன்றில், ஆபரேஷன் செய்துகொண்ட சர்க்கரை நோயாளிகளில் 72 சதவீதம் பேருக்கு இரண்டு ஆண்டு கழித்து மருந்தே தேவைப்படவில்லை. பதினைந்து ஆண்டில் அது 30 சதவீதமாக இறங்கிவிட்டது. சர்க்கரை வந்த புதிதில் செய்தவர்களுக்குப் பலன் அதிகம். ஆறு வருடமும் இன்சுலினும் ஆகிவிட்ட உங்களுக்கு அந்த வாய்ப்பு கொஞ்சம் குறைவுதான். இன்சுலின் யூனிட் பாதியாகக் குறைந்தால்கூட சிறுநீரகத்துக்கும் கண்ணுக்கும் லாபம் என்பேன்.

குறட்டையைச் சாதாரணமாக விடாதீர்கள். தூக்கத்தில் மூச்சு நின்று திடுக்கிட்டு எழுகிறீர்களா என்று கணவரைக் கேளுங்கள், அவருக்குத்தான் தெரியும். சந்தேகம் இருந்தால் ஆபரேஷனுக்கு முன்பே ஸ்லீப் ஸ்டடி செய்ய வேண்டும், மயக்க மருந்து கொடுப்பவருக்கு அது முக்கியம். தைராய்டு, எண்டோஸ்கோபி, பித்தப்பை ஸ்கேன், மனநல ஆலோசனை எல்லாம் இந்தப் பட்டியலில் உண்டு. தைராய்டு சரியானால் எடை தானாக இறங்கிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். தைராய்டால் ஏறுவது பெரும்பாலும் சில கிலோதான்.

இதெல்லாம் முடிந்த பிறகு நான் ஒரு கேள்வி கேட்பேன். உங்கள் வீட்டில் பிள்ளைகள் மிச்சம் வைத்த இட்லியை யார் சாப்பிடுகிறார்கள்? இந்தக் கேள்விக்குச் சிரிக்காத அம்மாவை நான் பார்த்ததில்லை. சிரித்துவிட்டுச் சிலர் அழுததும் உண்டு. ஆபரேஷனுக்குப் பிறகு அந்த இட்லி உங்கள் வயிற்றில் நிஜமாகவே இடம் கொள்ளாது. முதலில் சில வாரம் பருப்புத் தண்ணி, மோர், சூப். பிறகு மசித்தது. அதற்கப்புறம்தான் வழக்கமான சாப்பாடு, அதுவும் கையளவு. தினமும் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது, ஒரு இட்லியில் இரண்டு கிராம் சொச்சம். சாப்பிடும்போது தண்ணீர் கூடாது, அரை மணி நேரம் கழித்துத்தான். வைட்டமின், கால்சியம், இரும்பு, பி12 ஆயுசுக்கும் எடுக்க வேண்டும். வருடம் ஒரு முறையாவது ரத்தப் பரிசோதனை. கணவரைக் கூட்டிக்கொண்டு வந்து இதையெல்லாம் அவர் காதிலும் போடுங்கள். வீட்டில் ஒத்துழைப்பு இல்லாமல் இது நடக்காது.

வயது 24, உயரம் 172, எடை 86. நான்கு மாதத்தில் கல்யாணம். அதற்குள் ஸ்லீவ் செய்துகொள்ளலாமா?

வேண்டாம் தம்பி. உங்கள் பி.எம்.ஐ. 29, ஆசியர்களுக்கான 27.5-ஐக் கொஞ்சம்தான் தாண்டுகிறது. சர்க்கரை இருப்பதாகவும் எழுதவில்லை. கல்யாண போட்டோவுக்காக இரைப்பையின் முக்கால் பங்கை வெட்டி எடுக்க முடியாது, எடுத்ததைத் திரும்ப ஒட்டவும் முடியாது. ஷெர்வானியை ஒரு சைஸ் பெரிதாகத் தைக்கக் கொடுங்கள்.

ஸ்லீவ், பைபாஸ், இரண்டில் எது நல்லது? எனக்கு நெஞ்செரிச்சல் அதிகம். ராத்திரி இரண்டு தலையணை இல்லாமல் படுக்க முடியாது.

ஸ்லீவில் இரைப்பையை நீளவாக்கில் வெட்டிக் குழாய் மாதிரி ஆக்குகிறோம். மிஞ்சுவது டீக்கடை கண்ணாடி டம்ளர் கொள்ளளவு. பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோனை அதிகம் சுரக்கும் பகுதியும் வெட்டியதோடு போய்விடும். பைபாஸில் இரைப்பையின் மேல்பக்கம் சுமார் 30 மில்லிக்கு ஒரு சிறு பை மட்டும் விட்டு, சிறுகுடலை அதில் இணைக்கிறோம். 30 மில்லி என்பது இருமல் மருந்து மூடியில் மூன்று மூடி.

இரண்டு தலையணை என்று எழுதினீர்கள் பாருங்கள், அதிலேயே பாதி விடை இருக்கிறது. ஸ்லீவுக்குப் பிறகு நெஞ்செரிச்சல் கூடலாம், புதிதாகவும் வரலாம். எண்டோஸ்கோபியில் உணவுக்குழாயில் புண் தெரிந்தால் நான் பைபாஸ் பக்கம்தான் சாய்வேன். பைபாஸிலும் சங்கடம் உண்டு. இனிப்பு சாப்பிட்டால் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு வரலாம். மூட்டுவலிக்கு மெடிக்கலில் வாங்கிப் போடும் மாத்திரைகளில் பல இணைப்பில் புண் உண்டாக்கும். சிகரெட்டும் அதேதான்.

எடை குறைக்கும் மவுஞ்சாரோ ஊசி வந்துவிட்டதே, இனி ஆபரேஷன் எதற்கு?

நியாயமான கேள்வி. மவுஞ்சாரோ 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தது, இதே மாதிரி இன்னொரு ஊசியான வெகோவி அதே ஆண்டு ஜூனில். மவுஞ்சாரோவின் பெரிய ஆய்வில், அதிக டோஸில் 72 வாரத்தில் சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு எடை குறைந்தது. பி.எம்.ஐ. 30-ஐ ஒட்டி இருப்பவர்களிடம் நான் இப்போது முதலில் ஊசியைப் பற்றித்தான் பேசுகிறேன். என் வருமானம் குறைகிறது, பரவாயில்லை.

ஊசியை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை. வெகோவியில் உள்ள செமாக்ளூடைடை நிறுத்தியவர்களை ஒரு வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. மாதச் செலவை எத்தனை வருடத்துக்குத் தாங்க முடியும் என்று வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். பி.எம்.ஐ. 40-ஐத் தாண்டியவர்களுக்கு ஆபரேஷன் கொடுக்கும் இறக்கம் இன்னும் கூடுதல், நீடிப்பதும் அதிகம்.

இன்ஷூரன்ஸ் கொடுப்பார்களா?

நிபந்தனையோடு. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. விதிப்படி வயது 18 ஆகியிருக்க வேண்டும், பி.எம்.ஐ. 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். 35-லிருந்து 40-க்குள் என்றால், கட்டுக்கடங்காத சர்க்கரை, இதய நோய், கடுமையான ஸ்லீப் ஆப்னியா (தூக்கத்தில் மூச்சு நிற்பது) போன்ற ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். மருத்துவக் கோடு இறங்கிவிட்டது, காப்பீட்டுக் கோடு இறங்கவில்லை. 33-ல் நிற்பவர்கள்தான் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். காத்திருப்புக் காலத்தையும் பாலிசியில் பாருங்கள். அட்மிஷனுக்கு முன்பே எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள்.

நீர்க்கட்டி பிரச்சினை. வயது 28, பி.எம்.ஐ. 37. குழந்தைக்காக நான்கு வருடமாக முயற்சி செய்கிறோம். ஆபரேஷன் செய்தால் கர்ப்பம் தங்குமா?

எடை இறங்கினால் பலருக்கு மாதவிடாய் சீராகிறது, சிலருக்கு எதிர்பாராமலே கர்ப்பம் தரிக்கிறது. சிக்கலும் அங்கேதான். ஆபரேஷனுக்குப் பிறகு 12-லிருந்து 18 மாதம் வரை கர்ப்பம் கூடாது. எடை வேகமாக இறங்கும் அந்தக் காலத்தில் குழந்தைக்குச் சத்து போதாது. பைபாஸ் செய்தவர்கள் கர்ப்பத்தடை மாத்திரையை நம்பவும் கூடாது. நான்கு வருடம் ஏங்கியவரிடம் இன்னும் ஒன்றரை வருடம் பொறுங்கள் என்று சொல்வது எனக்கே கஷ்டமாக இருக்கிறது. உங்கள் மகப்பேறு மருத்துவரையும் என் போன்ற ஒருவரையும் ஒரே மேஜையில் உட்கார வைத்து முடிவெடுங்கள்.

என் கணவர் சனி, ஞாயிறு குடிப்பார். ஆபரேஷனுக்குப் பிறகு "லைட்டா" குடிக்கலாமா?

அவருக்குப் பதில் நீங்கள் கேட்பதிலேயே ஓரளவு புரிகிறது. ஆபரேஷனுக்குப் பிறகு எந்த மதுவும் வேகமாக ரத்தத்தில் ஏறும், அதே அளவுக்குப் போதை அதிகம். சாப்பாட்டில் கிடைத்த திருப்தியைக் குடியில் தேடப்போய் அடிமையானவர்களையும் பார்த்திருக்கிறேன். முதலில் ஆறு மாதம் நிறுத்திக் காட்டட்டும், பிறகு பேசலாம்.

செய்திகளில் மரணம் என்றெல்லாம் வருகிறதே. பயமாக இருக்கிறது.

பயம் இருக்கட்டும், அளவு தெரிந்து இருக்கட்டும். அனுபவமுள்ள மையங்களில் இறப்பு ஆயிரத்தில் ஒருவர் அளவில்தான், பித்தப்பை ஆபரேஷனோடு ஒப்பிடும்படி இருக்கிறது. வெட்டித் தைத்த இடத்தில் கசிவு, ரத்தப்போக்கு, காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போவது, இவைதான் நாங்கள் பயப்படுவன. அன்று சாயங்காலமே எழுந்து நடக்கச் சொல்வது அதனால்தான். ஐ.சி.யூ. இருக்கிறதா, ராத்திரி இரண்டு மணிக்கு யார் வருவார்கள் என்று தைரியமாகக் கேளுங்கள். முகம் சுளிக்கிற இடத்தில் செய்யாதீர்கள்.

என் அண்ணி ஐந்து வருடத்துக்கு முன் ஸ்லீவ் செய்தார். 112-லிருந்து 74-க்கு வந்தார், இப்போது 91. ஆபரேஷன் தோல்விதானே?

இன்னும் 21 கிலோ குறைவாகத்தான் இருக்கிறார். கொஞ்சம் ஏறுவது பலருக்கும் நடப்பதுதான், 17 கிலோ கொஞ்சம் அல்ல. அண்ணி சோறு அதிகம் சாப்பிடமாட்டார், அதை நம்புகிறேன். டம்ளர் டம்ளராகச் சர்க்கரை போட்ட டீயும், டி.வி. முன்னால் கை நிறைய மிக்சரும் போகிறதா பாருங்கள். குழாய் மாதிரியான வயிற்றில் திரவமும் மொறுமொறுவென்று கரைவதும் தடையில்லாமல் இறங்கிவிடும். திட்டாமல், செய்த சர்ஜனிடமே கூட்டிப்போங்கள். உணவு ஆலோசனை, ஊசி, தேவைப்பட்டால் மறு ஆபரேஷன் என்று வழிகள் உண்டு. ரத்தத்தில் பி12-ஐயும் இரும்பையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டாம் வருடத்தோடு மாத்திரையை நிறுத்தியிருப்பார் என்று பந்தயம் கட்டுகிறேன்.