சம்பளம் கணக்கில் ஏறியதா, முதலில் அதைப் பாருங்கள்

தம்பி, செட்டிநாட்டுப் பள்ளத்தூரிலிருந்து அமெரிக்காவின் நியூஜெர்சிக்கு வந்து மூன்று ஆண்டாகச் சமையற்கட்டில் நிற்கிறேன், வயது 53, முதுகில் டிஸ்க் விலகிவிட்டது, சோஷியல் செக்யூரிட்டியின் டிசபிலிட்டி (உடல் இயலாமை) உதவித்தொகைக்கு மனுப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாடகைக்கும் குளிருக்கும் யோசனை சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் பணத்துக்கு வருகிறேன்.

இப்போது போட்டால் கிடைக்காது. சோஷியல் செக்யூரிட்டி வரி பிடித்த சம்பளத்துக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 4 கிரெடிட், அதாவது வேலைப் புள்ளி. உங்கள் வயதுக்கு 31 வேண்டும். அதில் 20 கடைசிப் பத்து ஆண்டுகளில் சேர்ந்திருக்க வேண்டும். ஊரில் கட்டிய பி.எஃப். இங்கே சேராது, இரு நாடுகளுக்கும் அப்படி ஓர் ஒப்பந்தம் இல்லை. முதுகு போனது வேலையில் என்றால் தொழிலாளர் இழப்பீடு தனி வழி, அதற்குக் கிரெடிட் தேவையில்லை. முதலாளியிடம் இன்றே எழுத்தில் சொல்லுங்கள்.

உங்கள் முதலாளி நம் பக்கத்துக்காரர், சம்பளத்தைக் கவரில் போட்டுக் கொடுக்கிறார் என்று எழுதியிருந்தீர்களே, அங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது. அந்தக் கவருக்கு ஒரு கிரெடிட்கூட இல்லை. நான் வந்த புதிதில் எனக்கும் ஒருவர் அப்படித்தான் கொடுத்தார், கடையின் பின்னறையில் படுக்க இடமும் கொடுத்தார். "நமக்குள் ரசீது எதற்கு?" என்பார். என் ஐயா மலாயாவில் வட்டிக்கடைப் பெட்டியடியில் அடுத்தாளாக, அதாவது மேலாளுக்கு அடுத்த நிலையில், இருந்தவர். சம்பளச் சீட்டு, அதாவது வேலை ஒப்பந்தம், எழுதாமல் அக்காலத்தில் கப்பல் ஏறும் வழக்கமில்லை. ஐந்தொகை (வரவு, செலவு, இருப்புக் கணக்கு) போட்டு வளர்ந்த ஊர்க்காரர்கள் இங்கே வந்து கணக்கில்லாமல் ஆள் வைக்கிறார்கள். நான் குளிர்காலம் முடியும் முன்பே கிளம்பிவிட்டேன். முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரரின் கிடங்கில் மூட்டை தூக்கப் போனேன். அங்கே வாராவாரம் பிடித்தம் போட்ட சீட்டு வந்தது. பின்னால் முழங்கால் போனபோது சோறு போட்டது அந்தச் சீட்டுகள்தான்.

என்றைக்காவது மனுப் போடும் நாள் வந்தால் செய்த வேலையை உள்ளபடி எழுதுங்கள். தேவகோட்டைக்காரர் ஒருவர், அடுப்படியில் அண்டா தூக்கியவர், கௌரவத்துக்காகக் 'கிச்சன் மேனேஜர்' என்று எழுதினார். மேற்பார்வை தெரிந்தவர் உட்கார்ந்து செய்யும் வேலைக்குப் போகலாமே என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். 55 வயதானால் விதி கொஞ்சம் இளகும். கனமான வேலை மட்டுமே தெரிந்தவர், இனி இலகுவான வேலைதான் முடியும் என்றாலும் தேறலாம். 50 முதல் 54 வரை உட்கார்ந்து செய்யும் வேலைக்கு மேல் முடியாது என்று காட்ட வேண்டும். 2024 ஜூனிலிருந்து கடைசி 5 ஆண்டு வேலையைத்தான் பார்க்கிறார்கள். மருத்துவர் கேட்டால் மரியாதைக்காக "சௌக்கியம்" என்று சொல்லாதீர்கள், அதையும் எழுதிக்கொள்வார்.

முதல் முறை மறுத்தால் 60 நாளுக்குள் மேல்முறையீடு. நம்மவர்கள் கோபித்துக்கொண்டு புதிதாக மனுப் போட்டு, பழைய மனுவின் தேதியையும் அதனுடன் வரவேண்டிய பாக்கியையும் இழப்பார்கள். தேறினாலும் உடல் முடியாமல் போனதிலிருந்து முதல் ஐந்து மாதத்துக்குப் பணம் கிடையாது.

மேல்முறையீடு நீதிபதி முன் விசாரணைக்குப் போனால் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகத் தருவார்கள், கேட்டு வாங்குங்கள். நான் வேண்டாமென்றேன். எத்தனை பவுண்டு தூக்கினாய் என்றுதான் நீதிபதி கேட்டார். பெட்டி மேல் அச்சடித்த எடையைப் படித்தே ஆங்கிலம் கற்றவனுக்கு அது ஒரு கேள்வியா?